உட்கரு நின்றுவிட்டதா, திரும்பிவிட்டதா, அதைத் தள்ளுவது எது?

கேள்விக்குறி | வெள்ளி, இரவு 9.40

மூன்று செய்திகள் என்னைக் குழப்பிவைத்திருக்கின்றன. பூமியின் உட்கரு சுழல்வதை நிறுத்திவிட்டது, இனி எதிர்த்திசையில் சுழலும் என்று 2023 ஜனவரியில் வந்தது. உட்கரு பின்வாங்குவது உறுதியாகிவிட்டது என்று 2024இல் வந்தது. உட்கருவின் மேற்பரப்பே உருமாறுகிறது என்று 2025இல் வந்தது. தனித்தனியாகப் படித்தால் ஒவ்வொன்றும் புரிவதுபோல் இருக்கிறது. அடுக்கிவைத்துப் படித்தால் எனக்குத்தான் தலை சுற்றுகிறது.

எனக்குத் தெரிந்தது பள்ளிப் பாடம் மட்டும். மேலோடு, கவசம், அதற்குக் கீழே உருகிய இரும்பாலான வெளிக்கரு, நடுவில் திடமான உட்கரு. உட்கருவின் ஆரம் சுமார் 1220 கி.மீ., அதாவது நிலவின் ஆரத்தில் பத்தில் ஏழு பங்கு. அவ்வளவு பெரிய இரும்பு உருண்டை நின்றது என்றால் நிறுத்தியது எது? திரும்பியது என்றால் திருப்பியது எது? 5150 கி.மீ. ஆழத்தில்தான் தொடங்கவே தொடங்குகிற ஒன்றை யார் எட்டிப் பார்த்தார்கள்?

காந்தமுள் | வெள்ளி, இரவு 10.05

நிற்கவில்லை. தலைப்பு எழுதியவர் ஒரே ஒரு விவரத்தை விட்டுவிட்டார்: எதோடு ஒப்பிட்டு? உட்கருவும் நம்மைப்போலவே ஏறத்தாழ 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கிழக்கு நோக்கிச் சுற்றுகிறது. அதன் நடுக்கோட்டில் அந்த வேகம் மணிக்கு 320 கி.மீ. வரும். அது அப்படியே இருக்கிறது. கவசத்தைவிடச் சற்று முந்துகிறதா, சற்றுப் பிந்துகிறதா என்பதுதான் சண்டை.

நெடுஞ்சாலையில் உங்கள் பஸ் 80 கி.மீ. வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துப் பஸ் 81இல் போனால் முன்னே நகர்வதாகத் தெரியும். 80க்கு இறங்கினால் உங்கள் ஜன்னலோரத்திலேயே நிற்பதாகத் தெரியும். 79 என்றால் பின்னே போகும். "பக்கத்துப் பஸ் நின்றுவிட்டது" என்று உங்கள் ஜன்னலிலிருந்து எழுதினால் எப்படியோ, அப்படித்தான் அந்தத் தலைப்பும்.

வளைகோடு | வெள்ளி, இரவு 10.31

உவமை சரி, 79உம் 81உம் மிக அதிகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பூமி ஓர் ஆண்டில் சுமார் 1,31,850 பாகை சுழல்கிறது. உட்கருவின் வித்தியாசம் ஆண்டுக்கு 0.1 பாகை என்று எடுத்துக்கொண்டால் பதின்மூன்று லட்சத்தில் ஒரு பங்குதான். 80 கி.மீ. வேகத்தில் போகும் பஸ்ஸுக்கு அது மணிக்கு ஆறு சென்டிமீட்டர்.

பக்கத்துப் பஸ் ஒரு மணி நேரத்தில் ஆறு சென்டிமீட்டர் முந்தியிருக்கிறது. ஜன்னலில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

கேள்விக்குறி | வெள்ளி, இரவு 10.44

நிறுத்தியது எது என்ற கேள்வியைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் கடைசிக் கேள்வி இப்போது இன்னும் பெரிதாகிவிட்டது. ஆறு சென்டிமீட்டரை எந்தக் கருவி அளந்தது?

அதிர்வுத்தாள் | சனி, காலை 6.15

இதற்கு நான் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நான் ஆய்வாளன் அல்லன். ஒரு நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் தாள் மாற்றுபவனாகப் பல ஆண்டுகள் இருந்தவன்.

அந்தக் காலத்தில் பதிவு புகைப்படத் தாளில் நடக்கும். இருட்டறையில் ஓர் உருளை மெல்லச் சுழலும். அதைச் சுற்றித் தாள். கருவியின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி தாளில் கோடு இழுத்துக்கொண்டே போகும். தினம் ஒருமுறை சிவப்பு விளக்கில் தாளைக் கழற்றி, கழுவி, கயிற்றில் தொங்கவிட வேண்டும். குறுகிய அலைகளுக்கான உருளையில் நிமிடத்துக்கு 60 மில்லிமீட்டர் தாள் ஓடும். ஒரு நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்கு சாண்ட்விச் தீவுகள் தெற்கு அட்லாண்டிக்கில் இருக்கின்றன. அங்கே நிலநடுக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. அலாஸ்காவில் காலேஜ் என்ற இடத்தில் ஒரு நிலையம் இருக்கிறது. அந்தத் தீவுகளில் கிளம்பும் அலை அலாஸ்காவுக்குப் பூமியை ஊடுருவித்தான் வர வேண்டும். அப்படி வருவதில் இரண்டைப் பாருங்கள். ஒன்று உட்கருவைத் துளைத்துக்கொண்டு வருகிறது. மற்றொன்று உட்கருவைத் தொடாமல், வெளிக்கருவின் அடிப்பகுதியில் வளைந்து வருகிறது. கவசத்துக்குள் இரண்டும் ஏறக்குறைய ஒரே வழியில் வருகின்றன. சில நொடி இடைவெளியில் அடுத்தடுத்துத் தாளில் விழுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் கடிகாரம். நிலையத்துக் கடிகாரத்தை வானொலி நேரச் சைகையோடு தினமும் ஒப்பிட்டு, எத்தனை நொடி முன்பின் என்று ஏட்டில் குறிக்க வேண்டும். ஒரு முறை ஒரு வாரம் முழுவதும் குறிக்க மறந்தேன். இரண்டு நொடி பிழையோடு ஒரு வாரத்து அளவுகள் வெளியே போய்விட்டன. வாங்கிய ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன இரண்டு அலைகளும் ஒரே தாளில், ஒரே கடிகாரத்தின் கீழ் விழுபவை. கடிகாரம் இரண்டு நொடி தப்பினாலும் இரண்டுக்கும் ஒரே தப்புதான். இடைவெளி கெடாது.

அந்த இடைவெளியைத்தான் சியாவ்தொங் சோங், பால் ரிச்சர்ட்ஸ் என்ற நிலநடுக்க ஆய்வாளர்கள் இருவரும் 1967 முதல் 1995 வரையிலான பதிவுகளில் அளந்தார்கள். உட்கருவைத் துளைக்கும் அலை அந்த 28 ஆண்டுகளில் மற்றதைவிட 0.3 நொடி முன்னதாக வரத் தொடங்கியிருந்தது. 1996இல் வெளியிட்டார்கள். 0.3 நொடி என்றால் எங்கள் தாளில் 0.3 மில்லிமீட்டர். கூராகச் சீவாத பென்சில் கோட்டின் தடிப்பு.

அலையின் வழி மாறவில்லை, உட்கரு மட்டும் திரும்பியிருக்கிறது. உட்கரு எங்கும் ஒரே மாதிரி இல்லை. அலையை விரைவாகக் கடத்தும் பகுதியும் உண்டு, மெதுவாகக் கடத்தும் பகுதியும் உண்டு. அது திரும்பும்போது அலையின் வழியில் வேறு பகுதி வந்து உட்காருகிறது. அவர்கள் வாதம் இதுதான்.

மணல்மேடு | சனி, காலை 7.02

ஐயா, பென்சில் கோட்டின் தடிப்பில் ஒரு கோளத்தையே சுழற்றிவிட்டார்கள்.

அதிர்வுத்தாள் | சனி, காலை 7.20

உட்கரு இருப்பதே அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டதுதான். 1929இல் நியூசிலாந்தில் ஒரு பெரிய நிலநடுக்கம். கரு அலைகளை வளைத்துவிடுவதால் அதன் நிழலில் சிக்கி, எதுவும் தெரியக்கூடாத தூரத்து நிலையங்களின் தாள்களில் மெல்லிய துடிப்புகள் இருந்தன. டென்மார்க்கைச் சேர்ந்த இங்கே லேமன் அவற்றைத் தள்ளிவிடாமல் உட்கார்ந்து யோசித்தார். உள்ளே இன்னொரு கரு இருந்து அலையைத் திருப்பினால்தான் அந்தத் துடிப்புகள் அங்கே வர முடியும் என்று 1936இல் எழுதினார். அவர் 104 வயது வரை வாழ்ந்து 1993இல் மறைந்தார். மூன்று ஆண்டு இன்னும் இருந்திருந்தால், தான் கண்டது சுழல்கிறது என்ற செய்தியையும் படித்திருப்பார்.

சந்தேகப்பிராணி | சனி, காலை 11.20

லேமனைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. சுழற்சியைப் பற்றித்தான். 1996இல் சோங்கும் ரிச்சர்ட்ஸும் சொன்னது ஆண்டுக்குச் சுமார் ஒரு பாகை. அதே ஆண்டு வேறொரு குழு மூன்று பாகை என்றது. 2000இல் ஜான் விடேல் குழு, சோவியத் அணுகுண்டுச் சோதனைகளின் அலைகளைக் கொண்டு 0.15 என்றது. 2005இல் 0.3 முதல் 0.5 வரை. பூமி முழுவதும் மணிபோல் அதிர்வதை வைத்து அளந்தவர்களுக்கு ஏறக்குறைய சுழியம். பேரம் பேசுவதுபோல் எண் இறங்கியும் ஏறியும் போனால் நான் எதை நம்புவது?

1996 வேலையில் இன்னொரு ஓட்டை. 1967 நிலநடுக்கமும் 1995 நிலநடுக்கமும் ஒரே இடத்தில் நடந்தவை அல்ல. நடந்த இடத்தைக் குறிப்பதில் பிழை இருந்தாலே 0.3 நொடி வந்துவிடும். மூன்றாவதாக, லியான்சிங் வென் 2006இல் சொன்னது: உட்கருவின் மேற்பரப்பு ஆப்பிரிக்காவுக்கு அடியில் ஓரிடத்தில் பத்தே ஆண்டில் ஒரு கிலோமீட்டர் அளவுக்கு மாறியிருக்கிறது. மேற்பரப்பு மாறினாலே அலை முந்தும் பிந்தும். சுழற்சி எதற்கு?

அதிர்வுத்தாள் | சனி, பிற்பகல் 1.05

இரண்டாவது ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அடைத்தது இரட்டை நிலநடுக்கங்கள்.

பாறைப் பிளவில் ஒரே துண்டு சில ஆண்டு இடைவெளியில் மறுபடியும் அதே மாதிரி வழுக்கும். அதே இடம், ஏறக்குறைய அதே அளவு. 1993 டிசம்பர் 1, 2003 செப்டம்பர் 6 ஆகிய நாட்களில் தெற்கு சாண்ட்விச்சில் நடந்தவை அப்படி ஒரு ஜோடி. இரண்டு பதிவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். உட்கருவைத் தொடாத அலைகளின் மேடும் பள்ளமும், வால்பகுதியின் சின்னச் சின்ன நடுக்கமும்கூட ஒன்றின்மேல் ஒன்று படிந்து ஒரே கோடாகத் தெரியும். இரண்டு கோடு இருப்பதையே கண் நம்பாது. உட்கருவைத் துளைத்த அலை வரும் இடத்தில் மட்டும் கோடு இரண்டாகப் பிரியும். புதியது சற்று முன்னே நிற்கும். இடப்பிழை என்றால் எல்லா அலைகளும் அல்லவா பிரிய வேண்டும்?

முதல் ஓட்டைக்கும் மூன்றாவதுக்கும் என்னிடம் பதில் இல்லை. படித்தவர்கள் சொல்லட்டும்.

காந்தமுள் | சனி, மாலை 5.48

எண் மாறிக்கொண்டே இருந்ததற்கு ஒரு காரணம், எல்லோரும் ஒரே சீரான வேகம் இருக்கிறது என்று நினைத்து ஒரே எண்ணைத் தேடியது. வேகமே மாறிக்கொண்டிருந்தால் வெவ்வேறு ஆண்டுகளை அளந்தவர்களுக்கு வெவ்வேறு எண்தான் கிடைக்கும். வேகம் ஏன் மாறுகிறது என்பதற்குத் தள்ளுவது எது என்ற கேள்விக்கு வர வேண்டும். முதல் பதிவில் கேட்டது அதுதானே.

வெளிக்கருவிலிருந்து தொடங்குகிறேன். 2200 கி.மீ.க்கு மேல் தடிப்புள்ள உருகிய இரும்பு. கீழே உட்கருவின் மேற்பரப்பில் இரும்பு உறைந்துகொண்டிருக்கிறது. உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளிவருகிறது. அதோடு இரும்பில் கலந்திருக்கும் ஆக்சிஜன், சிலிக்கான், கந்தகம் போன்ற எடை குறைந்தவற்றைப் படிகம் முழுதாக ஏற்காமல் வெளியே தள்ளுகிறது. சூடும் எடைக்குறைவும் சேர்ந்த திரவம் மேலே எழுகிறது. பூமியின் காந்தப்புலத்தை நடத்தும் எந்திரத்துக்கு இதுவே பெரிய எரிபொருள்.

உட்கருவின் துருவங்களுக்கு மேலே திரவம் எழும்போது, அந்த இடத்தை நிரப்பப் பக்கத்திலிருந்து திரவம் அச்சை நோக்கி உள்ளே வரும். சுழல்நாற்காலியில் கையை நீட்டிச் சுற்றுபவர் கையை மடக்கினால் வேகமாகச் சுற்றுவார் அல்லவா? அதேபோல் அச்சை நெருங்கும் திரவம் கிழக்கு நோக்கி முந்துகிறது. அந்தத் திரவத்தின் ஊடாகக் காந்தப்புலக் கோடுகள் போகின்றன. அவை உட்கருவுக்குள்ளும் நுழைந்திருக்கின்றன. இரும்பு மின்கடத்தி. ஆக, திரவம் நகர்ந்தால் புலம் நகரும், புலம் நகர்ந்தால் உட்கருவும் இழுபடும்.

பழைய மின்மானியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தட்டு சுற்றும். அதைத் தொட்டுத் தள்ளுவது எதுவும் கிடையாது. சுருள்களின் மாறும் காந்தப்புலம் தட்டுக்குள் மின்னோட்டத்தைத் தூண்டி அதைச் சுற்றவைக்கிறது. உட்கரு அந்தத் தட்டு. கிளாட்ஸ்மையர், ராபர்ட்ஸ் இருவரும் 1995இல் கணினியில் பூமியின் காந்த எந்திரத்தை ஓடவிட்டபோது உட்கரு தானாகவே கிழக்கு நோக்கி ஆண்டுக்குச் சில பாகை முந்தியது. சோங்கும் ரிச்சர்ட்ஸும் தாள்களைத் தோண்டியதற்கு அந்தக் கணிப்பும் ஒரு தூண்டுதல்.

மின்மானித் தட்டு ஓடிப்போகாமல் இருக்க எதிர்ப்பக்கம் ஒரு நிலைக்காந்தம் பிடித்துக்கொண்டிருக்கும். உட்கருவைப் பிடித்துக்கொண்டிருப்பது காந்தம் அல்ல, ஈர்ப்பு. கவசத்துக்குள் எடை சீராகப் பரவியிருக்கவில்லை. ஆப்பிரிக்காவுக்கு அடியிலும் பசிபிக்குக்கு அடியிலும் அலைகள் மெதுவாகச் செல்லும் இரண்டு பெரும் பகுதிகள் இருக்கின்றன. இந்தச் சீரின்மையின் ஈர்ப்பு உட்கருவின் வடிவத்தில் மெல்லிய மேடுகளை உண்டாக்குகிறது. உட்கரு திரும்பினால் மேடுகள் இடம் தவறும். ஈர்ப்பு அவற்றைப் பழைய இடத்துக்கே இழுக்கும். சுருள்வில் போல. 2000இல் பஃபெட்டும் கிளாட்ஸ்மையரும் இந்த இழுப்பையும் கணினியில் சேர்த்தபோது உட்கரு முந்துவது வெகுவாகக் குறைந்துவிட்டது.

தள்ளும் கை ஒன்று, வில் ஒன்று. இரண்டும் இருந்தால் என்ன நடக்கும்? ஊஞ்சல்தான்.

கேள்விக்குறி | சனி, மாலை 6.30

ஊஞ்சல் என்றதும் புரிந்தது. நின்றது என்று வந்த செய்தி ஊஞ்சல் ஒரு முனையில் திரும்பும் கணம், இல்லையா? ஒரு சந்தேகம். வில் இவ்வளவு கெட்டியாகப் பிடித்திருந்தால் 1996இல் சொன்னதுபோல் தொடர்ந்து முந்தவே முடியாதே?

காந்தமுள் | சனி, மாலை 6.52

உட்கரு முழுக்க விறைப்பாக இருந்தால் முடியாது. அது திடம்தான், ஆனால் உருகுநிலையை ஒட்டிய சூட்டில் இருக்கும் திடம். காலம் கொடுத்தால் களிமண்போல் வடிவம் மாறலாம். மேடுகள் புதிய இடத்துக்கு ஏற்பத் தம்மைச் சரிசெய்துகொள்ளும் வேகம் போதுமானதாக இருந்தால், வில் தளர்ந்து உட்கரு வழுக்கிப் போகும். எவ்வளவு இளகியது என்பதைப் பொறுத்தது எல்லாம். நான் ஊஞ்சல் பக்கம் நிற்பவன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

வளைகோடு | சனி, இரவு 8.10

உறைவது என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். உட்கருவின் ஆரம் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு அதுவோ, அதற்குச் சற்றுக் குறைவோதான். நம் நகம் வளரும் வேகத்தில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் பரப்பளவு பெரிது. பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 7000 டன்னுக்கு மேல் இரும்பு திடமாகிறது. இந்தப் பதிவைப் படித்து முடிப்பதற்குள் ஒன்றரை லட்சம் டன்னைத் தாண்டியிருக்கும்.

மணல்மேடு | சனி, இரவு 8.25

அப்படியானால் உட்கரு பின்வாங்கினால் காந்தப்புலம் அணைந்துவிடுமா? உறவுக்காரர் ஒருவர் காணொளி அனுப்பியிருக்கிறார். அதில் எல்லாம் முடிந்துவிட்டது.

காந்தமுள் | சனி, இரவு 8.31

அணையாது. புலத்தை உண்டாக்குவது வெளிக்கருவின் ஓட்டம். உட்கரு கவசத்தைவிட முந்துவதும் பிந்துவதும் அந்த ஓட்டத்தின் விளைவு, காரணம் அல்ல. வண்டிக்குப் பின்னால் பறக்கும் தூசி திசை மாறினால் வண்டி நின்றுவிடாது.

நெறியாளர் | சனி, இரவு 9.15

துருவம் புரளும் நாள் குறித்து வந்த இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. ஊழிக்காலக் கணிப்புகளுக்குத் தனிப் பகுதி இருக்கிறது. விவாதம் தொடரலாம்.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, காலை 10.40

ஊஞ்சல் என்கிறீர்கள். அதன் அலைவுக் காலம் எவ்வளவு? இங்கேயும் இரண்டு எண்கள் இருக்கின்றன, அவையும் அடுத்தடுத்த எண்கள் அல்ல.

வாங், விடேல் இருவரும் 2022இல் எழுதியது: அலாஸ்காவின் அம்சிட்கா தீவுக்கு அடியில் 1969, 1971 ஆண்டுகளில் வெடித்த இரண்டு அணுகுண்டுகளின் அலைகளை ஒப்பிட்டால் அந்த இரண்டு ஆண்டுகளில் உட்கரு பிந்தியிருக்கிறது. 1971க்கும் 1974க்கும் இடையில் முந்தியிருக்கிறது. ஆகவே ஆறு ஆண்டு ஊஞ்சல். யாங், சோங் இருவரும் 2023இல் எழுதியது: 1970களின் தொடக்கத்தில் ஒரு திருப்பம், 2009ஐ ஒட்டி இன்னொரு திருப்பம். ஆகவே எழுபது ஆண்டு ஊஞ்சல். வில் கெட்டியாக இருந்தால் ஆறு வரும், தளர்வாக இருந்தால் எழுபது வரும். ஒரே வில் எப்படி இரண்டாகவும் இருக்கும்?

வளைகோடு | ஞாயிறு, காலை 11.35

சுயேச்சையான ஒரு சாட்சி இருக்கிறது: நாளின் நீளம். உட்கரு முந்தினால் அந்தச் சுழற்சி உந்தத்தைக் கவசத்திடமிருந்தோ வெளிக்கருவிடமிருந்தோதான் வாங்க வேண்டும். கவசத்திடம் வாங்கினால் நம் நாள் நீளும்.

எவ்வளவு? உட்கருவின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது சுழற்சி மாற்றத்தை எதிர்க்கும் திறன், பூமி முழுமைக்கும் உள்ளதில் ஏறக்குறைய 1400இல் ஒரு பங்கு. அதன் வேகம் ஆண்டுக்கு 0.1 பாகை மாறினால் நாளின் நீளம் மில்லி நொடியில் சுமார் இருபதில் ஒரு பங்கு மாறும். காற்று, கடல், நிலவு ஆகியவற்றின் பங்கைக் கழித்தபின் நாளின் நீளத்தில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஓர் அலைவு மிஞ்சுகிறது. அதன் அளவு மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் வருகின்றன. ஆறு ஆண்டுக் கட்சிக்கு இது பலம்.

பல பத்தாண்டுகளில் ஏறி இறங்கும் இன்னொரு அலைவும் இருக்கிறது, அது மில்லி நொடிகளில். எழுபது ஆண்டுக் கட்சி அதைக் காட்டுகிறது.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, நண்பகல் 12.10

ஆறு ஆண்டு அலைவுக்கு உட்கருவே தேவையில்லை. வெளிக்கருவுக்குள் காந்தப்புலத்தின் வழியே முறுக்கலைகள், அதாவது திரவத்தை அச்சைச் சுற்றி முன்னும் பின்னும் முறுக்கும் அலைகள், உள்ளிருந்து வெளியே சில ஆண்டுகளில் பாய்கின்றன என்று 2010இலேயே காட்டியிருக்கிறார்கள். அதுவே நாளின் நீளத்தை ஆட்டும். சாட்சி இரண்டு கட்சிக்கும் பொதுவானவர்.

காந்தமுள் | ஞாயிறு, பிற்பகல் 3.25

ஒப்புக்கொள்கிறேன், நாளின் நீளம் தீர்ப்புச் சொல்லாது. ஆனால் 2024 கட்டுரையைப் படித்துவிட்டு முழுச் சந்தேகத்தில் நிற்க முடியாது. வாங், விடேல் குழுவினர் தெற்கு சாண்ட்விச்சில் 1991 முதல் 2023 வரை நடந்த 121 மறுநிகழ் நிலநடுக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். அலாஸ்காவிலும் கனடாவின் யெல்லோநைஃபிலும் உள்ள கருவித் தொகுப்புகளின் பதிவுகள். அவர்கள் மாற்றத்தைத் தேடவில்லை. மாறாததைத் தேடினார்கள்.

யோசித்துப் பாருங்கள். உட்கரு ஒரே திசையில் நகர்ந்துகொண்டே போனால், ஒருமுறை வந்த அலைவடிவம் மறுபடி வராது. ஊஞ்சல்போல் திரும்பினால், போகும்போது கடந்த அதே நிலையைத் திரும்பும்போதும் கடக்கும். அந்தக் கணத்தில் பழைய அலைவடிவம் அப்படியே மறுபடி வர வேண்டும். வந்தது. ஆண்டுக்கணக்கில் மாறிப்போயிருந்த பதிவு, பிற்பாடு நடந்த இரட்டையில் பழைய உருவத்துக்கே திரும்பியது. அப்படிப்பட்ட ஜோடிகளைக் கோத்துப் பார்த்தபோது, 2003 முதல் 2008 வரை உட்கரு முந்தியிருக்கிறது. 2008க்குப் பிறகு அதே பாதையில், இரண்டு மூன்று மடங்கு மெதுவாகப் பின்வாங்கியிருக்கிறது.

மேற்பரப்பு அங்கங்கே உருமாறியது மட்டுமே காரணம் என்றால், உருமாறியது மறுபடி பழைய உருவத்துக்கே வர வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில். எனக்கு அது நம்பும்படியாக இல்லை.

சந்தேகப்பிராணி | ஞாயிறு, மாலை 4.50

அந்த மாறாததைத் தேடிய யோசனை அழகானது, மறுக்கவில்லை. அதே குழு 2025இல் எழுதியதையும் சேர்த்துச் சொல்லுங்கள். உட்கரு பழைய நிலைக்குத் திரும்பியதாகச் சொல்லும் ஜோடிகளிலேயே சிலவற்றில் அலைவடிவம் முழுதாகப் பொருந்தவில்லை. உட்கருவின் மேற்பரப்பை ஒட்டிய பகுதியும் மாறியிருக்கிறது என்று அவர்களே முடிவுக்கு வந்தார்கள். வெளிக்கருவின் ஓட்டமோ, ஈர்ப்பின் இழுப்போ மேல்தோலை உருக்குலைக்கிறது. ஆக, வென் 2006இல் சொன்னதற்கும் இடம் இருக்கிறது.

சுழற்சியை ஏற்றுக்கொள்கிறேன். சுழற்சி மட்டுமே என்பதை ஏற்கவில்லை. ஆறா எழுபதா என்பதில் இன்னும் வேலிமேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். 2003 முதல் 2023 வரை ஒரே ஒரு திருப்பம்தான் தெரிகிறது என்பதால் ஆறு ஆண்டுக் கட்சிக்கு எதிராகச் சற்றே சாய்ந்து.

கேள்விக்குறி | ஞாயிறு, இரவு 7.15

மூன்று செய்திகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை என்பது இப்போது தெரிகிறது. முதலாவது திருப்பம், இரண்டாவது திரும்பிய பாதை, மூன்றாவது போகிற வழியில் தோல் கலைவது.

வளைகோடு கணக்குப் போட்டதால் நானும் போட்டேன், தவறு இருந்தால் திருத்துங்கள். உட்கருவின் நடுக்கோட்டில் ஒரு பாகை சுமார் 21 கி.மீ. ஆண்டுக்கு 0.1 பாகை என்றால் 2.1 கி.மீ., நாளுக்கு ஏறத்தாழ 6 மீட்டர், நிமிடத்துக்கு 4 மில்லிமீட்டர். எங்கள் சுவர்க் கடிகாரத்தில் நிமிட முள்ளின் நீளம் 15 செ.மீ., மணி முள் 10 செ.மீ. நிமிட முள்ளின் நுனி நிமிடத்துக்கு 16 மில்லிமீட்டர் நகர்கிறது, மணி முள்ளின் நுனி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. உட்கரு இரண்டுக்கும் நடுவில் போகிறது. இவ்வளவு நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வளைகோடு | ஞாயிறு, இரவு 7.30

சரியாக இருக்கிறது. திருத்த ஒன்றும் இல்லை.

அதிர்வுத்தாள் | ஞாயிறு, இரவு 8.45

ஆறா எழுபதா என்பதற்கு ஒரு வழி காத்திருப்பது. எழுபது என்றால் அடுத்த திருப்பம் 2040களில்தான் வரும். இன்னொரு வழி பின்னோக்கிப் போவது. 1970களின் தொடக்கத்தில் ஒரு திருப்பம் நடந்ததா என்று நன்றாகப் பார்க்க வேண்டும். அந்த ஆண்டுகளுக்குக் கணினிப் பதிவு கிடையாது. இருப்பது தாளும் படச்சுருளும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க 1960களில் உலகம் முழுவதும் ஒரே மாதிரிக் கருவிகள் நிறுவப்பட்டன. அவற்றின் தாள்களை இப்போது படமெடுத்து, கோட்டை எண்ணாக்கி, இரட்டைகளைத் தேடுகிறார்கள். நான் இருட்டறையில் கழுவிய தாள்கள் இதற்குப் பயன்படும் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் இன்னும் கவனமாகக் கழுவியிருப்பேன்.

நான் வேலை பார்த்த நிலையம் ஒருமுறை கட்டடம் மாறியது. புதிய இடத்தில் அலமாரிக்கு இடம் போதவில்லை. நான் விடுப்பில் இருந்தேன். திரும்பி வந்தபோது ஓர் அலமாரித் தாள்கள் பழைய காகிதத்துக்குப் போயிருந்தன.

கேள்விக்குறி | ஞாயிறு, இரவு 8.58

எந்த ஆண்டுகளின் தாள்கள், ஐயா?

அதிர்வுத்தாள் | ஞாயிறு, இரவு 9.04

1968 முதல் 1974 வரை.